சீரியல் போர்ட்டின் முகவரி யாரிடம் இருக்கிறது?

இந்த மாதக் கடிதக் கட்டைப் பிரித்தபோது ஒரு ஆச்சரியம். ஆறு பேர் சீரியல் போர்ட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். யுஎஸ்பி வந்த பிறகு செத்துப்போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கும் அந்த ஒன்பது பின் துளையேதான். முப்பது வருடம் சர்வர் அறைகளில் அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தவன் நான். எனவே மற்ற கேள்விகள் அடுத்த மாதத்துக்கு.

என்னுடைய பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டிருக்கிறேன். பின்னால் இருப்பது ஒரே ஒரு சீரியல் போர்ட். ஆனால் 'டெவ்' அடைவில் டிடிஒய்எஸ்0 முதல் டிடிஒய்எஸ்31 வரை முப்பத்திரண்டு பெயர்கள் இருக்கின்றன. மீதி முப்பத்தொன்றும் எங்கே?
— கரூர் வாசகர்

எங்கேயும் இல்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன்னால் வரிசையாக இலை போட்டு வைப்பார்களே, அது மாதிரி. எத்தனை இலை என்பதை, இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தயாரித்தவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். எந்த இலையில் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டுமானால் ரூட் ஆக நுழைந்து, 'ப்ராக்' அடைவுக்குள் 'டிடிஒய்', அதற்குள் 'டிரைவர்', அதற்குள் 'சீரியல்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் ஒரே போர்ட்டுக்கு நேரே 16550ஏ என்று அதன் சிப்பின் பெயர் இருக்கும். மற்றவற்றுக்கு நேரே 'அன்னோன்' என்று இருக்கும்.

ஆனால் இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது முதல் சீரியல் போர்ட்டின் முகவரி 3எஃப்8 (இங்கே முகவரிகள் எல்லாம் பதின்அறும எண்கள்), அதற்கு இன்டரப்ட், அதாவது சிப் செயலியைக் கூப்பிடும் மணி, 4. இரண்டாவதன் முகவரி 2எஃப்8, இன்டரப்ட் 3 என்று வழக்கமானது. பின்னால் மூன்றாவது 3இ8-லும் நான்காவது 2இ8-லும் குடியேறி, அதே 4, 3 இன்டரப்ட்களைப் பங்கு போட்டுக்கொண்டன. இந்த நான்கு முகவரிகளையும் லினக்ஸ் தன் நிரலுக்குள்ளேயே ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டது. பூட் ஆகும்போது நான்கு கதவுகளையும் தட்டிப் பார்க்கும்.

தட்டும் விதம் அழகானது. அனுப்புவதைத் தனக்கே திருப்பிக்கொள்ளும் 'லூப்பேக்' நிலைக்குச் சிப்பைத் தள்ளி, மோடம் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் என்ற அதன் சின்னப் பெட்டியில் 1ஏ என்று எழுதுவார்கள். சிப் உண்மையிலேயே இருந்தால் மோடம் நிலை ரெஜிஸ்டரின் மேல் பாதியில் 9 என்று எதிரொலிக்கும். யாரும் இல்லாத இடத்தில் பெரும்பாலும் எஃப்எஃப் என்றுதான் வரும். தப்பான கதவைத் தட்டினால்தான் வம்பு. 2இ8 என்ற முகவரியை 8514/ஏ வகை வீடியோ கார்டுகளும் சில எஸ்3 கார்டுகளும் தமக்கென்று வைத்திருந்தன. நான்காவது சீரியல் போர்ட் இருக்கிறதா என்று தேடப் போனவன் மானிட்டரின் வயிற்றில் குத்திவிட்டு வருவான்.

வேடிக்கை என்னவென்றால், கேட்டிருந்தால், கணினியை எழுப்பும் ஆரம்ப நிரலான பயாஸே சொல்லியிருக்கும். முதல் ஐபிஎம் பிசியிலிருந்தே, எந்தெந்தச் சீரியல் போர்ட்டைக் கண்டேன் என்று பயாஸ் நினைவகத்தில் 400 என்ற பதின்அறும முகவரியில் எழுதி வைக்கும். போர்ட்டுக்கு இரண்டு பைட் வீதம் நான்கு போர்ட்டுக்கு இடம்.

இப்போது உங்கள் கணினி எந்த வகை என்று பார்க்க வேண்டுமா? பூட் செய்திகளில் டிடிஒய்எஸ்0 பற்றிய வரியைத் தேடுங்கள். வரியின் தொடக்கத்தில் '00:05' போன்ற ஒரு எண் இருந்தால், ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் நிரல், பயாஸ் அதில் ஒரு வகை) சொல்லித்தான் கெர்னலுக்கு அந்தப் போர்ட் தெரிந்திருக்கிறது. 'சீரியல்8250' என்று தொடங்கினால், அது பழைய பட்டியலை வைத்துத் தட்டிக் கண்டுபிடித்தது.

படிப்புக்காக ஒரு சின்ன இயங்குதளம் எழுதி வருகிறேன். அச்சிடுவதற்கு 3எஃப்8 என்று நேரடியாக எழுதிவிட்டேன். க்யூஇஎம்யூ என்ற போலிக் கணினியில் நன்றாக ஓடுகிறது. "அப்படி எழுதாதே, ஃபர்ம்வேரைக் கேட்டுக் கண்டுபிடி" என்கிறார் எங்கள் மேடம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
— கோவை மாணவி

மேடம் சொல்வது சரி. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேர் சீரியல் போர்ட்டைப் பற்றி இரண்டு இடங்களில் எழுதி வைக்கிறது, இரண்டும் இரண்டு விதம். இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் ஒரு வாரத்தை வீணாக்குகிறார்கள்.

ஒன்று, ஏசிபிஐ பெயர்வெளி. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ தரத்தின்படி, மதர்போர்டில் இருக்கும் சாதனங்கள் ஒரு மரமாக விவரிக்கப்படும். 16550 வகைச் சீரியல் போர்ட்டுக்கு அதில் அடையாளம் 'பிஎன்பி0501'. அதன் முகவரி, இன்டரப்ட் எல்லாம் '_சிஆர்எஸ்' என்ற பெயரின் கீழ் கிடைக்கும். ஆனால் அந்த மரம் ஏஎம்எல் என்ற தனி மொழியில் இருக்கிறது. அதைப் படிக்க ஒரு மொழிபெயர்ப்பி வேண்டும். சொந்தமாக எழுத நினைக்காதீர்கள், கல்லூரி முடிந்துவிடும். ஏசிபிஐசிஏ என்ற நூலகம் இதற்காகவே இருக்கிறது. லினக்ஸும் அதைத்தான் வைத்திருக்கிறது.

இரண்டாவது, எஸ்பிசிஆர் என்ற அட்டவணை. இது மைக்ரோசாஃப்ட் வரையறுத்தது. 'கன்சோலாக (கெர்னல் தன் செய்திகளை எழுதும் இடமாக) எந்தச் சீரியல் போர்ட்டை வைத்துக்கொள்ள வேண்டும்' என்ற ஒரே விஷயத்தைச் சொல்கிறது. மொழியும் இல்லை, மரமும் இல்லை. வரிசையாகப் பைட்டுகள், அவ்வளவுதான். நினைவக நிர்வாகம்கூடத் தயாராகாத ஆரம்பக் கட்டத்திலேயே படித்துவிடலாம். உங்களுக்கு இதுதான் முதலில் வேண்டும். கெர்னல் எழுதுகிறவருக்குக் கன்சோல் மிகவும் தேவையான நேரம், கெர்னல் கீழே விழும் நேரம். அது பெரும்பாலும் ஏஎம்எல் பக்கமே போகாத முதல் சில நொடிகளில்தான் நடக்கும்.

போகும் வழி இது. பழைய பயாஸ் என்றால் பயாஸ் தனக்கென்று ஒதுக்கி வைக்கும், இபிடிஏ எனப்படும் நினைவகப் பகுதியின் முதல் ஒரு கிலோபைட்டிலும், இ0000 முதல் எஃப்எஃப்எஃப்எஃப்எஃப் வரையிலும், பதினாறு பைட்டுக்கு ஒருமுறை நின்று 'ஆர்எஸ்டி பிடிஆர்' என்ற எழுத்துக் கோவையைத் தேட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு இடைவெளி எழுத்தும் உண்டு, மொத்தம் எட்டு எழுத்து. அதை விட்டுவிட்டு நான் ஒரு மதியம் முழுக்கத் தேடியிருக்கிறேன். பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் என்றால் தேடவே வேண்டாம், அதன் சிஸ்டம் டேபிளிலேயே சுட்டி இருக்கிறது. அங்கிருந்து ஆர்எஸ்டிடி அல்லது எக்ஸ்எஸ்டிடி என்ற சுட்டிப் பட்டியலுக்குப் போகலாம். முதலாவதில் சுட்டிகள் 32 பிட், இரண்டாவதில் 64 பிட். ஒவ்வொரு சுட்டியும் ஒரு அட்டவணையைக் காட்டும். அதன் முதல் நான்கு எழுத்து எஸ்பிசிஆர் என்றால் வந்து சேர்ந்துவிட்டீர்கள். எல்லாப் பைட்டையும் கூட்டினால் கடைசி எட்டு பிட் பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால் அந்த அட்டவணையைத் தொடாதீர்கள்.

உள்ளே தலைப்பு 36 பைட். 36-ஆவது பைட்டில் சிப் என்ன வகை: 0 என்றால் முழு 16550, 3 என்றால் ஆர்ம் செயலிகளின் உலகத்து பிஎல்011. 40-ஆவது பைட்டிலிருந்து பன்னிரண்டு பைட்டுக்கு முகவரி. அதன் முதல் பைட்டைக் கட்டாயம் பாருங்கள்: 0 என்றால் நினைவக முகவரி, 1 என்றால் ஐ/ஓ போர்ட். பிசியில் மட்டும் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுவார்கள். 58-ஆவது பைட்டில் வேகம், ஆனால் அது வேகத்தின் எண் அல்ல, ஒரு குறியீடு. 3 என்றால் 9600, 4 என்றால் 19200, 6 என்றால் 57600, 7 என்றால் 115200. இடையில் 5 கிடையாது. 38400 வைத்துப் பழகியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லா மெஷினிலும் எஸ்பிசிஆர் இருக்காது. கட்டாயமில்லாத அட்டவணை அது. சர்வர்களில் பெரும்பாலும் இருக்கும், வீட்டுக் கணினியில் எதிர்பார்க்க முடியாது. சோதித்துப் பார்க்க க்யூஇஎம்யூவின் ஆர்ம் 'விர்ட்' மெஷினை யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரோடு ஓட்டுங்கள். அட்டவணை இல்லையென்றால் பயாஸ் 400-இல் எழுதி வைத்ததைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கடைசியாக 3எஃப்8-க்குப் போய், மேலே கரூர்க்காரருக்குச் சொன்ன லூப்பேக் சோதனையைச் செய்துவிட்டு எழுதுங்கள். உங்கள் பழைய வரியை அழிக்க வேண்டாம், வரிசையில் கடைசிக்குத் தள்ளினால் போதும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பின்னால் ஏசிபிஐ மரத்தையும் படிக்க ஆரம்பித்தால், அதே சிப் இரண்டாவது முறையாக வந்து நிற்கும். முதலில் எஸ்பிசிஆர் சொன்ன போர்ட், இப்போது 'பிஎன்பி0501' சொல்லும் போர்ட், இரண்டும் ஒன்றேதான். முகவரியை ஒப்பிட்டு அடையாளம் காணாவிட்டால் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை அச்சாகும். லினக்ஸில் ஆரம்பக் கன்சோல் ஒதுங்கி உண்மையான டிரைவருக்கு இடம் விடும் அந்தக் கணத்தில் 'பூட்கன்சோல் டிசேபிள்ட்' என்று ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள்.

லினக்ஸே இதற்கு நிதானமாகத்தான் வந்தது. 64 பிட் ஆர்ம் சர்வர்களுக்காக எஸ்பிசிஆர் படிக்கும் நிரல் 2016 டிசம்பரில் வந்த 4.9-இல் சேர்ந்தது. ஆர்மில் 3எஃப்8 போன்ற பரம்பரை முகவரியே கிடையாது, கேட்டே ஆக வேண்டும். அதே நிரல் இன்டெல் பக்கம் 2018-இல்தான் வந்தது. அங்கேயும் ஆரம்பக் கன்சோலுக்கு மட்டும்தான் பயன்படுத்தினார்கள். நிரந்தரக் கன்சோலைத் தானாக மாற்றவில்லை. பல வருடங்களாக வேறு விதமாகப் பழகியவர்களின் திரை திடீரென்று வேறு பக்கம் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், கீழே படியுங்கள்.

ஃபர்ம்வேர் சொல்வதை அப்படியே நம்பிவிடலாமா?
— மதுரை வாசகர்

பட்டாவில் கிணறு என்று இருக்கும். போய்ப் பார்த்தால் எப்போதோ தூர்த்து மேலே வாழை போட்டிருப்பார்கள். அதற்காகப் பட்டாவே பார்க்காமல் நிலம் வாங்குவீர்களா?

ஃபர்ம்வேர் சொன்ன இடத்துக்கு மட்டும் போய், அங்கே சிப் இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபாருங்கள். பயாஸ் அமைப்பில் போர்ட்டை அணைத்து வைத்திருந்தாலும் மரத்தில் அதன் பெயர் இருக்கும். '_எஸ்டிஏ' என்ற நிலையைப் படித்தால்தான் அணைந்திருப்பது தெரியும். லினக்ஸின் எஸ்பிசிஆர் நிரலைத் திறந்தால், இரண்டு ஆர்ம் சர்வர் சிப் வகைகளுக்கு மட்டும் பெயர் சொல்லித் தனி விலக்கு எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அட்டவணை 'சாதாரண போர்ட்' என்று சொல்கிறது, சிப் அப்படி நடந்துகொள்ளவில்லை. இப்படிப்பட்ட விலக்குகள் இல்லாத கெர்னலை நான் பார்த்ததில்லை.

நீங்கள் எப்போதாவது இதில் சூடு பட்டதுண்டா?
— திருச்சி வாசகி

பட்டதுண்டு, அதுவும் முழுக்க என் தப்பால்.

2005. சென்னையில் ஒரு சர்வர் அறை. வெளியே அக்னி நட்சத்திரம், உள்ளே ஸ்வெட்டர். இன்டெலின் இட்டானியம் செயலி உள்ள சர்வர் ஒன்றில் கெர்னலை மாற்றும் வேலை. மானிட்டர் கிடையாது, சீரியல் கேபிளைச் செருகி, மடிக்கணினியில் பார்க்க வேண்டும். புதிய கெர்னலைப் போட்டு ரீபூட் செய்தேன். 'அன்கம்ப்ரஸிங் லினக்ஸ்... டன்' என்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை.

ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பவரை அணைத்துப் போட்டேன், அதே இடத்தில் அதே மௌனம். மூன்றாவது முறையும் செய்தேன். கெர்னல் செத்துவிட்டது என்று மேலதிகாரிக்குப் போன் செய்யப் போகும்போது, பக்கத்து டேபிளில் இருந்த பையன் சும்மா ஒரு 'பிங்' அடித்தான். பதில் வந்தது! மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு போர்ட்டில் பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். இட்டானியம் மெஷின்கள் சிலவற்றில் எச்சிடிபி என்று ஒரு ஃபர்ம்வேர் அட்டவணை இருந்தது. கன்சோலாகப் பயன்படக்கூடிய சீரியல் போர்ட் எது என்று அது கெர்னலுக்குச் சொல்லும். கன்சோல் டிடிஒய்எஸ்0 என்று நாம் பூட் வரியில் கொடுத்திருந்தால், அட்டவணை காட்டிய போர்ட்டுக்கே டிடிஒய்எஸ்0 என்று பெயர் விழும். கொடுக்காவிட்டால், ஃபர்ம்வேர் அமைப்பைப் பொறுத்து, வேறொன்றுக்குப் போகும். அட்டவணையே இல்லாவிட்டால் 3எஃப்8-லும் 2எஃப்8-லும் போர்ட் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, இல்லாததற்கும் பெயர் வைத்துவிடும். மாப்பிள்ளை கிடைப்பதற்கு முன்பே பத்திரிகை அடித்த கதை.

2004 டிசம்பரில் வந்த 2.6.10-இல் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தினார்கள். ஏசிபிஐ மரத்தில் முதலில் வருவது டிடிஒய்எஸ்0, அடுத்தது டிடிஒய்எஸ்1, அவை முடிந்த பிறகு பிசிஐ கார்டுகளில் இருப்பவை. விதி சுத்தமானது. ஆனால் எங்கள் கேபிள் செருகியிருந்த மேலாண்மைப் போர்ட் ஒரு பிசிஐ சாதனம். நேற்று வரை டிடிஒய்எஸ்0 ஆக இருந்தது, இன்று டிடிஒய்எஸ்1. பூட் வரி மட்டும் பழையபடி டிடிஒய்எஸ்0 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பெயரை மாற்றினேன். கெர்னல் செய்திகள் கொட்டின. ஆனால் லாகின் வரவில்லை, ஏனென்றால் எந்தப் போர்ட்டில் லாகின் காட்ட வேண்டும் என்று சொல்லும் 'இனிட்டேப்' கோப்பில் பழைய பெயர். அதை மாற்றினேன், லாகின் வந்தது. ரூட் என்று அடித்தால் உள்ளே விடவில்லை, ஏனென்றால் ரூட் எங்கெங்கே நுழையலாம் என்று சொல்லும் 'செக்யூர்டிடிஒய்' கோப்பில் புதிய பெயர் இல்லை. ஒரு எழுத்துக்காக மூன்று கோப்பு, மூன்று ரீபூட். கெர்னலோடு வந்த ஆவணங்களில் இட்டானியம் சீரியல் பற்றிய கோப்பு ஒன்று அப்போது இருந்தது; ஒன்றிரண்டு பக்கம்தான். பழைய பெயர், புதிய பெயர், மாற்ற வேண்டிய இடங்கள் எல்லாம் அதில் அப்படியே இருந்தன. வேலை முடிந்த பிறகு, டீ குடித்துக்கொண்டே படித்தேன்.

அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் மேல் அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. இப்போது யோசித்தால் அவர்கள் செய்ததுதான் சரி. நான் பூட் வரியில் என்ன எழுதுகிறேன் என்பதைப் பொறுத்து ஒரு போர்ட்டின் பெயர் மாறக் கூடாது. அந்த இட்டானியமும் இப்போது இல்லை. 2024 ஜனவரியில் வந்த 6.7 கெர்னலிலிருந்து அதற்கான நிரலையே எடுத்துவிட்டார்கள்.

ராஸ்பெர்ரி பையில் பயாஸும் இல்லை, ஏசிபிஐயும் இல்லையே. அங்கே கெர்னல் யாரைக் கேட்கும்?
— யாழ்ப்பாண வாசகர்

டிவைஸ் ட்ரீயைக் கேட்கும். கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் என்ற நிரல், சாதனங்களை விவரிக்கும் ஒரு மரத்தை அதனிடம் கொடுத்து அனுப்பும். அதில் 'சூஸன்' என்ற கிளையில் 'எஸ்டிடிஅவுட்-பாத்' என்று ஒரு வரி இருந்தால் அதுதான் கன்சோல். சீரியல்0, 115200, எட்டு பிட் என்று எல்லாமே அந்த ஒரு வரியில் எழுதிவிடலாம். ஏஎம்எல் மாதிரி மொழிபெயர்ப்பி வேண்டாம் என்பதால் எனக்கு இது ஏசிபிஐயைவிடப் பிடிக்கும். கோவை மாணவி ரிஸ்க்-வி என்ற செயலி வகையின் பக்கம் போக நினைத்தால் க்யூஇஎம்யூவின் 'விர்ட்' மெஷினில் இதைப் பழகலாம். அங்கே 16550 வகைப் போர்ட் 10000000 என்ற பதின்அறும முகவரியில் இருக்கிறது, ஆனால் மரத்தைப் படித்தே கண்டுபிடியுங்கள்.

உங்கள் பை மூன்றாம் மாடல் என்றால் இன்னொன்று. அதில் நல்ல பிஎல்011 போர்ட்டை புளூடூத் எடுத்துக்கொண்டது. வெளிப் பின்களுக்கு வருவது 'மினி யுஆர்ட்' என்ற எளிய சீரியல் போர்ட். எனவே நிரலில் சிப்பின் பெயரை எழுதாமல் 'சீரியல்0' என்ற மாற்றுப் பெயரை எழுதுங்கள். பின்களில் இருப்பது எதுவோ அதையே அது காட்டும்.

எடை மேடை வைத்திருக்கிறோம். மேடையின் இண்டிகேட்டரும் சீட்டு அடிக்கும் பிரிண்டரும் இரண்டு யுஎஸ்பி-சீரியல் கேபிள்களில் லினக்ஸ் கணினியோடு இணைந்துள்ளன. சில நாள் காலையில் ஆன் செய்தால் இரண்டும் பெயர் மாறிவிடுகின்றன. லாரிக்காரர்கள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கிறார்கள். ஃபர்ம்வேரில் சொல்லி நிரந்தரமாக்க முடியாதா?
— நாமக்கல் வாசகர்

முடியாது. மதர்போர்டில் பற்றவைத்த போர்ட்டைப் பற்றித்தான் ஃபர்ம்வேருக்குத் தெரியும். நீங்கள் கடையில் வாங்கிச் செருகிய கேபிள் அதற்கு யாரோ வழிப்போக்கன். யுஎஸ்பி கேபிள் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். யார் முதலில் தலையைக் காட்டுகிறாரோ அவருக்கு டிடிஒய்யுஎஸ்பி0 என்று பெயர். உங்கள் பிரிண்டர் சில நாள் முந்திக்கொள்கிறது.

நிரலில் டிடிஒய்யுஎஸ்பி0 என்று எழுதியதை எடுத்துவிடுங்கள். 'டெவ்' அடைவுக்குள் 'சீரியல்', அதற்குள் 'பை-ஐடி' என்று ஒன்று இருக்கும். கேபிளின் தயாரிப்புப் பெயரும் வரிசை எண்ணும் சேர்ந்த நீளமான பெயர் அங்கே கிடைக்கும், அது மாறாது. ஆனால் உங்கள் இரண்டு கேபிளும் ஒரே மாதிரியான மலிவு சிஎச்340 வகை என்று நினைக்கிறேன். அவற்றில் பெரும்பாலும் வரிசை எண் இருக்காது, இரண்டுக்கும் ஒரே பெயர் வந்து மோதும். அப்படியானால் பக்கத்திலேயே உள்ள 'பை-பாத்' பெயரை எழுதுங்கள். அது கேபிளைப் பார்க்காது, எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும்.

அப்படிச் செய்த பிறகு கேபிள்களைத் துளை மாற்றிச் செருகக் கூடாது. பெருக்க வருகிறவர் பிடுங்கிவிட்டு வேறு துளையில் செருகாமல் இருக்க, இண்டிகேட்டர் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு, கேபிளின் தலையிலும் ஒரு பொட்டு. என் மேஜைக்குப் பின்னால் அப்படி நான்கு பொட்டுகள் இருக்கின்றன. பாட்டில் எங்கே போனது என்று வீட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.